வசனக் கணக்கைக் கற்பிக்கும் நான்கு வழிகள்: வன்னி வகுப்பறைக்கு எது பொருந்தும்?

தரம் மூன்றைத் தாண்டிய பிள்ளைக்கு 85இலிருந்து 37ஐக் கழிப்பது பெரிய காரியமில்லை. அதே எண்கள் களஞ்சியத்து நெல் மூடைகளாகவும் அவற்றை வாங்கிச் சென்ற வியாபாரியாகவும் உருமாறி நான்கு வரிகளில் வந்து நிற்கும்போதுதான், "ரீச்சர், கூட்டுறதோ கழிக்கிறதோ?" என்று அந்தப் பிள்ளை கேட்கிறது. இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் ஆரம்பப் பிரிவு ஆசிரியர் எவருக்கும் இந்தக் கேள்வி புதிதன்று. இதற்கு நாம் என்ன பதில் சொல்கிறோம் என்பதிலேயே கற்பிக்கும் முறைகள் பிரிந்து போகின்றன. பாடசாலைகளிலும் மாலை வகுப்புகளிலும் வீடுகளிலும் கையாளப்படும் வழிகளை நான்காகத் தொகுக்கலாம்: குறிப்புச் சொல்லைப் பிடித்துச் செய்கையைத் தீர்மானித்தல், பொருட்களை வைத்துச் செய்து பார்த்தல், பட்டைப் படம் வரைதல், கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்வித்தல். இவற்றை நான் ஒரே அளவுகோலால் அளக்க விரும்புகிறேன். கணக்கின் வசனம் பிள்ளையைத் தவறான பக்கம் இழுக்கும் நேரத்தில் எந்த வழி அதைக் காப்பாற்றுகிறது?

பிள்ளை எங்கே தவறுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அவுஸ்திரேலியாவில் ஆன் நியூமன் 1977இல் முன்வைத்த பிழைப் பகுப்பாய்வு இதற்கு இன்றும் உதவுகிறது. வாசித்தல், விளங்கிக்கொள்ளல், உரிய செய்கையாக மாற்றுதல், கணித்தல், விடையை முறையாக எழுதுதல் என்ற ஐந்து படிகளையும் பிள்ளை கடக்க வேண்டும் என்றும், முதலில் எந்தப் படியில் தவறுகிறதோ அங்கேதான் உதவி தேவை என்றும் அவர் பிரித்துக் காட்டினார். நாமோ பெரும்பாலும் நான்காவது படியைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறோம். வீட்டில் "எத்தினை மிச்சம்?" என்று பேசிப் பழகிய பிள்ளை, கொப்பியில் "பகிர்ந்தளிக்கப்பட்ட பின்னர் எஞ்சியிருந்தவை எத்தனை?" என்ற வரியைச் சந்திக்கும்போது இரண்டாவது படியிலேயே நின்றுவிடுகிறது. அதற்கு மேலும் பத்துக் கழித்தல் கணக்குகளைக் கொடுப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

குறிப்புச் சொல் வழி இந்த நான்கிலும் மலிவானது. "மொத்தம், எல்லாமாக, அதிகம் என்று வந்தால் கூட்டு, மிகுதி, குறைவு, வித்தியாசம் என்று வந்தால் கழி, ஒவ்வொருவருக்கும் என்று வந்தால் வகு" என்று ஒரு சிறு அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டால் போதும். முப்பத்தைந்து பிள்ளைகளை ஒரே ஆசிரியர் பார்க்க வேண்டிய வகுப்பில் இதன் கவர்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நெல் மூடைக் கணக்கு போன்ற ஒற்றைப் படிக் கணக்குகளில் இது உடனடியாகப் புள்ளியும் வாங்கித் தருகிறது. இனி, இந்தக் கணக்கைப் பாருங்கள்: "கவினிடம் 24 விளாம்பழங்கள் உள்ளன. அது மலரிடம் உள்ளதைவிட 9 அதிகமாகும். மலரிடம் எத்தனை விளாம்பழங்கள் உள்ளன?" அட்டவணையை மனனம் செய்த பிள்ளை "அதிகம்" என்பதைக் கண்டதும் கூட்டி 33 என்று எழுதும். சரியான விடை 15. பிள்ளை வசனத்தை வாசிக்காததால் இந்தப் பிழை நேரவில்லை. நாம் சொல்லிக்கொடுத்தபடியே வாசித்ததால்தான் நேர்ந்தது.

இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குப் பிரான்ஸில் 1980ஆம் ஆண்டளவில் வெளியான ஒரு சோதனை பெயர்பெற்றது. கப்பலொன்றில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருந்தால் கப்பல் தலைவனின் வயது என்ன என்று ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டபோது, பெரும்பாலானோர் எண்களைக் கூட்டி 36 என்றனர். அவர்கள் அறிவற்ற பிள்ளைகள் அல்லர். கணக்கென்றால் கதையைத் தள்ளிவிட்டு எண்களை மட்டும் பொறுக்கியெடுப்பது என்று பழக்கப்பட்டவர்கள். கிளிநொச்சிப் பிள்ளையிடம் "இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் நேற்று 27 அடி, மழைக்குப் பின் இன்று 31 அடி, எவ்வளவு உயர்ந்துள்ளது?" என்று கேட்டு, "உயர்ந்தது" என்ற சொல்லுக்காக அது 58 என்று எழுதினால் நாம் கவலைப்பட வேண்டும். அந்தக் குளம் கொள்ளுவதே 36 அடிதான் என்பது மாரிகாலச் செய்தி கேட்கும் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். தெரிந்தும் அந்த அறிவைக் கொப்பிக்குள் கொண்டுவரக்கூடாது என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது.

பொருட்களை வைத்துச் செய்து பார்க்கும் வழி நேரெதிரானது. கதையை விட்டு நகரவே விடாது. புளியங்கொட்டை, ஈர்க்குத் துண்டு, போத்தல் மூடி எதுவாயினும் சரி. மலருக்கு ஒரு குவியல், கவினுக்கு ஒரு குவியல் என்று வைத்து, யாருடையது பெரிது என்று கேட்டாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும். செயல், படம், குறியீடு என்ற மூன்று நிலைகளில் அறிவு உருப்பெறுகிறது என்று ஜெரோம் புரூனர் 1960களில் எழுதியது இதற்குக் கோட்பாட்டு அடிப்படையாக அமைந்தது. என்னை அதிகம் யோசிக்க வைத்ததோ 1985இல் வெளியான பிரேசில் ஆய்வுதான். ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகள், வியாபாரத்தின் நடுவே கேட்கப்பட்ட கணக்குகளில் ஏறத்தாழ 98 வீதத்துக்குச் சரியாக விடை சொன்னார்கள். அதே வகைக் கணக்குகள் பின்னர் வசனக் கணக்காகக் கொடுக்கப்பட்டபோது அது 74 வீதமாகவும், கதையே இல்லாத வெறும் எண் கணக்காகக் கொடுக்கப்பட்டபோது 37 வீதமாகவும் இறங்கியது. ஐந்து பேரைக் கொண்ட சிறிய ஆய்வுதான் என்றாலும், கதைதான் பிள்ளையைக் குழப்புகிறது என்ற நம் பொது நம்பிக்கையை இது தலைகீழாக்குகிறது. பிள்ளைக்குப் பழக்கமான கதை கணக்கை இலகுவாக்கவும் செய்யும். ஆயிரம் ரூபாய்த் தாளோடு கடைக்குப் போய்ச் சீனியும் பருப்பும் வாங்கி மிச்சக் காசைச் சரிபார்த்துக் கொண்டுவரும் பிள்ளைகள் மல்லாவியிலும் விசுவமடுவிலும் நிறையவே இருக்கிறார்கள்.

ஆனாலும் புளியங்கொட்டைக்கு எல்லை உண்டு. எண்கள் நூற்றைத் தாண்டியதும் குவியல் பயனற்றுப் போகிறது. நாற்பதைத் தாண்டும்போதே எண்ணுவதில் பிழை வந்து, பிள்ளையின் கவனம் கணக்கிலிருந்து கொட்டைக்குப் போய்விடுகிறது. தரம் நான்கின் நடுப்பகுதிக்குப் பிறகும் இதை மட்டுமே நம்பியிருப்பது பிள்ளையைச் சின்ன எண்களுக்குள் அடைத்துவைப்பதாகும்.

அந்த இடத்திலிருந்து பட்டைப் படம் எடுத்துச் செல்கிறது. சிங்கப்பூர் தன் ஆரம்பக் கணிதப் பாடத்திட்டத்துக்காக 1980களில் உருவாக்கிப் பரப்பிய முறை இது. தெரிந்த அளவையும் தெரியாத அளவையும் நீள்சதுரப் பட்டைகளாக வரைந்து, அவற்றுக்கிடையிலான தொடர்பைக் கண்ணால் காண வைப்பதே இதன் சாரம். சதுரக் கோடு போட்ட கொப்பி இருந்தால் வேறு செலவில்லை. விளாம்பழக் கணக்கில் கவினுக்கு நீண்ட பட்டை ஒன்றை வரைந்து 24 என்று எழுத வேண்டும். அதற்குக் கீழே மலருக்குக் குட்டையான பட்டை ஒன்றை வரைந்து, இரண்டுக்கும் இடையில் மிஞ்சும் துண்டுக்கு 9 என்று எழுத வேண்டும். "அதிகம்" என்ற சொல் இப்போது பிள்ளையை ஏமாற்ற முடியாது, ஏனெனில் எது சிறியது என்பதைப் பிள்ளை தானே வரைந்துவிட்டது. வரையும் முன்னர் "ஆரிட்டக் கூட இருக்கு?" என்ற ஒரே கேள்வியைப் பேச்சுத் தமிழில் கேட்டுக்கொள்வது என் பரிந்துரை, அது நியூமனின் இரண்டாவது படியைத் தாண்டவைக்கும்.

இம்முறையின் உண்மையான பலம் மடங்குக் கணக்குகளில் தெரியும். "நிலாவிடம் உள்ள முத்திரைகள் கவினிடம் உள்ளவற்றின் மூன்று மடங்காகும். இருவரிடமும் மொத்தமாக 48 முத்திரைகள் உள்ளன. கவினிடம் எத்தனை?" இதற்குப் பிள்ளைகள் 48ஐ 3ஆல் வகுத்து 16 என்று எழுதுவது வழக்கம். குறிப்புச் சொல் அட்டவணை இங்கே உதவாது. "மொத்தம்" கூட்டச் சொல்கிறது, "மடங்கு" பெருக்கச் சொல்கிறது, செய்ய வேண்டியதோ வகுத்தல். கவினுக்கு ஒரு கட்டமும் நிலாவுக்கு அதே அளவில் மூன்று கட்டங்களும் வரைந்தால், 48 என்பது நான்கு கட்டங்களுக்கு உரியது என்பதும் ஒரு கட்டம் 12 என்பதும் வெளிப்படையாகிவிடும். இதே கணக்கைப் பின்னர் மேல் வகுப்பில் அட்சரகணித முறைப்படி செய்யும்போது அந்தக் கட்டம்தான் தெரியாக் கணியமாக வந்து உட்காரும் என்பதையும் பெற்றோர் அறிந்துகொள்வது நல்லது.

குறைகளும் உண்டு. பட்டை வரைவதே தனியாகக் கற்பிக்க வேண்டிய ஒரு திறன். முதல் தவணை முழுவதும் போனாலும் வியப்பில்லை. அவசரப்படுத்தினால் பிள்ளைகள் விடையைக் கண்டுபிடித்துவிட்டு ஆசிரியருக்காகப் பட்டை கீறத் தொடங்குவார்கள். அப்போது அது இன்னொரு சடங்காகிவிடும். நேரத்தைப் பற்றிய கணக்குகளுக்குப் பட்டையைவிட மணிக்கூட்டு முகமோ எண்கோடோ நன்றாகப் பொருந்தும்.

நான்காவது வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையை முன்வைத்து, அதன் இரண்டு வினாத்தாள்களையும் நேரம் குறித்துச் செய்விப்பது வேகத்தையும் வினாக்களின் நடையோடு பழக்கத்தையும் தரும். விளங்கிய பிள்ளைக்கு அது மெருகு. விளங்காத பிள்ளைக்கோ விடைகளை மனனம் செய்யும் பயிற்சி. தரம் மூன்றிலேயே இதைத் தொடங்கும் வகுப்புகளைக் கண்டு பெற்றோர் மகிழ்வது எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே தரம் இரண்டிலும் மூன்றின் தொடக்கத்திலும் புளியங்கொட்டை, அதன் பின் தரம் ஐந்தின் நடுப்பகுதி வரை பட்டைப் படம், கடைசி மாதங்களில் வினாத்தாள் என்பதே என் தெரிவு. குறிப்புச் சொல் அட்டவணையைச் சுவரிலிருந்து கழற்றிவிடலாம். ஒரே ஆசிரியர் இரண்டு தரங்களை இணைத்துப் படிப்பிக்கும் சிறிய பாடசாலைகளில், தரம் நான்கு பிள்ளைகள் பட்டை வரைந்துகொண்டிருக்கும்போது தரம் மூன்று பிள்ளைகள் அதே கணக்கைச் சிறிய எண்களோடு கொட்டைகளால் செய்யலாம்; இருவருக்கும் ஒரே கதை போதும். போரும் இடப்பெயர்வும் படிப்பை இடைநடுவில் அறுத்த தலைமுறையைச் சேர்ந்த பெற்றோர் பலர், கணக்கில் உதவத் தங்களுக்குத் தகுதியில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். எண்களை மறைத்துவிட்டு "இதில என்ன நடந்தது எண்டு எனக்குச் சொல்லு" என்று பிள்ளையிடம் கேட்க எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

மீதியுடன் கூடிய வகுத்தலில் மட்டும் இந்த நான்கு வழிகளில் எதுவும் தனித்துப் போதாது. இரணைமடுவைப் பார்க்கச் செல்லும் 43 மாணவர்களுக்கு, வானொன்றில் 12 பேர் வீதம் எத்தனை வான்கள் தேவை என்று கேட்டால், "3, மீதி 7" என்று எழுதி முடிக்கும் பிள்ளை வகுத்தலில் பிழைவிடவில்லை. அமெரிக்காவில் 13 வயதினருக்கான தேசிய மதிப்பீடொன்றில், படையினரை ஏற்றும் பேருந்துகளைப் பற்றிய இதே வகைக் கேள்விக்கு 29 வீதத்தினர் "31, மீதி 12" என்றே விடையளித்தனர்; 32 என்று சரியாகச் சொன்னவர்கள் 23 வீதத்தினர் மட்டுமே. இங்கு உதவுவது விடையைத் திரும்பவும் கதைக்குள் வைத்துப் பார்க்கும் பழக்கம். விடையெழுதிய பிள்ளையிடம் அந்த ஏழு பேரையும் எந்த வானில் ஏற்றுவாய் என்று கேட்டால், அது தானே 3ஐ வெட்டி 4 என்று எழுதும்.