ஆயிரம் கல்யாணப் படம், ஒரே திருத்தம்: லைட்ரூமா, போட்டோஷாப்பா, டார்க்டேபிளா?

இரண்டு கேமராவில் எடுத்த ஆயிரம் ராவ் (கேமரா பதப்படுத்தாத) படங்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தால் ஆல்பம் கொடுக்க அடுத்த முகூர்த்தமே வந்துவிடும். மூன்று மென்பொருளிலுமே தானாகத் திருத்தும் ஆட்டோ உண்டு, மொத்தமாக ஓட்டும் வசதியும் உண்டு. ஆல்பத்தின் ஒரே பக்கத்தில் வரும் நாலு படமும் ஒரே வெளிச்சத்தில் எடுத்த மாதிரி தெரிய வேண்டும்; அங்கேதான் இவை பிரிகின்றன. என் ஓட்டு லைட்ரூம் கிளாசிக்குக்கு.

போட்டோஷாப்பில் ஆக்‌ஷன் (திருத்தப் படிகளின் வரிசை) பதிவு செய்து, ஃபைல் மெனுவில் ஆட்டோமேட், பேட்ச் வழியாக ஃபோல்டர் முழுவதும் ஓட்டலாம். ஆனால் ஆட்டோ டோன் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக இழுக்கும். நலங்குப் படத்தில் மஞ்சள் வெளிறிப்போகும். ஆட்டோ கான்ட்ராஸ்ட் மூன்றையும் சேர்த்தே நகர்த்துவதால் நிறம் அவ்வளவாகப் புரளாது. ஆக்‌ஷனில் 'சேவ் ஆஸ்' பதிவாகியிருந்தால் பேட்ச் பெட்டியில் அதை ஓவர்ரைடு செய்யும் டிக்கைப் போட்டு, டெஸ்டினேஷனில் வேறு ஃபோல்டர் கொடுங்கள். அளவு குறைக்கவும் வாட்டர்மார்க் போடவும் அருமையான கருவி. வெளிச்சம் திருத்த வேண்டாம்.

டார்க்டேபிள் இலவசம். ஒரு படத்தின் திருத்தங்களை கன்ட்ரோல்+சி, கன்ட்ரோல்+வி போட்டு மற்றவற்றில் ஒட்டலாம். எக்ஸ்போஷர் (வெளிச்ச) மாட்யூலில் ஆட்டோமேட்டிக் மோடு, ஒவ்வொரு ராவ் படத்தின் ஹிஸ்டோகிராமையும் (வெளிச்சப் பரவல்) அளந்து ஒரே இலக்குக்குக் கொண்டுவரும். ஜேபெக்கில் இது வேலை செய்யாது. டைம்லேப்ஸுக்குப் பிரமாதம். ஆனால் வெள்ளை வேட்டி நிறைந்த படத்தையும் கறுப்புத் திரை நிறைந்த படத்தையும் ஒரே இலக்குக்கு இழுத்தால் மாப்பிள்ளை முகம் ஒன்றில் கறுக்கும், ஒன்றில் வெளுக்கும்.

லைட்ரூமின் ஆட்டோவுக்கும் இதே நோய்தான். அதனால் ஆட்டோவை மொத்தப் படங்களின் மேல் ஓட்டாதீர்கள். முதலில் வாசல், மணவறை, பந்தி, வரவேற்பு என்று வெளிச்சம் மாறும் இடங்களில் பிரியுங்கள். அதற்குள் கேமரா வாரியாகவும் பிரியுங்கள். இரண்டு கம்பெனி கேமராக்களுக்கு ஒரே கெல்வின் எண் (ஒளியின் நிற அளவு) ஒரே நிறத்தைத் தராது. இப்படிப் பிரித்த ஒவ்வொரு படக் கூட்டத்திலும் முகம் தெளிவாக உள்ள ஒரு படத்தில் மட்டும் கன்ட்ரோல்+யு அழுத்தி, கையால் சரிசெய்து, மற்றதைத் தேர்ந்தெடுத்து சிங்க் (அதே திருத்தத்தை மற்றவற்றுக்கும் நகலெடுப்பது) கொடுங்கள். கிராப், ஸ்பாட் நீக்கம், மாஸ்க் மூன்றிலும் டிக் எடுத்துவிடுங்கள்.

பலரும் சறுக்கும் இடம் ஒயிட் பேலன்ஸ், அதாவது படத்தின் நிறச் சமநிலை. மூலப்படத்தில் அது 'ஆஸ் ஷாட்' (எடுத்தபோது இருந்தபடி) என்றே இருந்தால் சிங்க்கில் எண் போகாது, 'ஆஸ் ஷாட்' என்ற உத்தரவுதான் போகும். ஒவ்வொரு படமும் கேமரா அப்போது ஊகித்த நிறத்திலேயே நிற்கும். ஸ்லைடரைக் கொஞ்சம் நகர்த்தி 'கஸ்டம்' ஆக்கிவிட்டு சிங்க் செய்தால்தான் கூட்டம் முழுக்க ஒரே நிறம் வரும்.

லென்ஸ் திறப்பை நாம் வைத்து ஷட்டர் வேகத்தைக் கேமராவிடம் விடும் அப்பர்ச்சர் பிரயாரிட்டியில் எடுத்து ஷட்டர் படத்துக்குப் படம் மாறியிருந்தால் செட்டிங்ஸ் மெனுவில் 'மேட்ச் டோட்டல் எக்ஸ்போஷர்ஸ்'. அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ எண்களைப் படித்து, நீங்கள் திருத்திய படத்தோடு மற்றவற்றின் வெளிச்சத்தைச் சமன்செய்யும். வேட்டி வெள்ளையா, திரை கறுப்பா என்று அது பார்ப்பதே இல்லை. லைட்ரூமை நான் முன்னால் வைப்பது பெரிதும் இதற்காகத்தான். ஒரே எச்சரிக்கை: டிடிஎல் ஃபிளாஷ் (வலுவைக் கேமராவே தீர்மானிப்பது) போட்ட படங்களில் ஃபிளாஷின் வலு இந்தக் கணக்கில் வராது, முடிவு தாறுமாறாகும். அங்கே சாதாரண சிங்க் போதும். நிறம் மாறிக்கொண்டே இருக்கும் எல்இடி திரை முன் எடுத்த வரவேற்புப் படங்களுக்கு எந்த ஆட்டோவும் உதவாது. ஒயிட் பேலன்ஸை ஒரே எண்ணில் நிறுத்திவிட்டு, மோசமானதை மட்டும் கையால் பாருங்கள்.

லைட்ரூமின் குறை சந்தா. கட்டுவதை நிறுத்தினால் படம் திருத்தும் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். கேட்டலாகை (படங்களின் பட்டியல்) திறந்து பார்ப்பதும் எக்ஸ்போர்ட் செய்வதும் ஓடும். வருஷத்துக்கு இரண்டு விசேஷம் மட்டும் எடுப்பவருக்கு டார்க்டேபிளே போதும், எக்ஸ்போஷரை மேனுவலில் வைத்து, கூட்டம் கூட்டமாக ஒட்டினால்.