ஃபிபா உலகத் தரவரிசை: எதற்கு நம்பலாம், எதற்குக் கூடாது

2023 செப்டம்பரில் மணிலாவில் செர்பியாவை 83-77 என வீழ்த்தி ஜெர்மனி ஆண்கள் கூடைப்பந்து உலகக் கோப்பையை வென்றது. அடுத்து வெளியான ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) தரவரிசையில் ஜெர்மனிக்கு மூன்றாம் இடம்தான். அரையிறுதியில் அதனிடம் 113-111 எனத் தோற்று நான்காவதாக முடித்த அமெரிக்கா முதலிடத்தில். ஒன்பதாவதாக முடித்த ஸ்பெயின் இரண்டாமிடத்தில். பட்டியலே தப்பு என்று சொல்லத் தோன்றும். தப்பு இல்லை; அது காட்டுவது வேறொன்றை.

இது எட்டு ஆண்டுக் கணக்கு. 2019இல் ஜெர்மனி 18வது இடத்தில் முடித்ததும், அதே ஆண்டு ஸ்பெயின் கோப்பை வென்றதும் அந்தக் கணக்கில் அப்போது உயிரோடு இருந்தன. ஆட்டம் பழசாகப் பழசாக அதன் எடை குறையும், எட்டு ஆண்டு தாண்டினால் கழன்றுவிடும்.

பழைய முறையில் பெரிய தொடர்களின் இறுதி நிலைக்கு மட்டுமே புள்ளி. ஆண்களுக்கு 2017இலும் பெண்களுக்கு 2019இலும் வந்த இப்போதைய முறை ஒவ்வோர் அதிகாரப்பூர்வ ஆட்டத்தையும் எண்ணுகிறது. நட்பு ஆட்டங்கள் சேராது. ஓர் ஆட்டத்துக்கு அடிப்படையாக 1000 புள்ளி. வெற்றி வித்தியாசத்தைப் பார்த்து அதை இரு அணிகளுக்கும் பிரிப்பார்கள். தோற்றவருக்கும் பங்கு உண்டு. நெருக்கமாகத் தோற்றால் கூடுதல் பங்கு. அதன்மேல் சொந்த மைதானத்தில் ஆடியவருக்கு 70 கழியும், வெளியே போய் ஆடியவருக்கு 70 கூடும். எதிரணியின் தரமும் சேரும். மணிலா அரையிறுதி இரண்டு அணிக்கும் பொது மைதானம் என்பதால் அந்த 70க்கு அங்கே வேலையில்லை.

பலரும் இடறுவது அடுத்த படியில். இப்புள்ளிகளை அப்படியே கூட்டுவதில்லை. தொடரின் முக்கியத்துவம், ஆட்டத்தின் வயது ஆகியவற்றுக்கேற்ப எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறார்கள்; அதுதான் அணியின் ரேட்டிங். அதனால் பலவீனமான அணியைச் சொந்த மண்ணில் சொற்ப வித்தியாசத்தில் வென்றால் ரேட்டிங் இறங்கவும் கூடும். நிறைய ஆடினால் மேலே போகலாம் என்ற எண்ணம் இங்கே செல்லாது. இந்த முறையில் மிகவும் பாராட்டத் தக்க அம்சம் இதுவே.

பெரிய குறை, பட்டியல் கொடியை மட்டும் பார்க்கிறது, ஆட்களைப் பார்ப்பதில்லை. நவம்பர், பிப்ரவரித் தகுதிச்சுற்றுகள் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் பருவத்தின் நடுவில் விழுகின்றன. அமெரிக்கா அங்கே என்பிஏவுக்கு அடுத்த நிலை லீக்கான ஜி லீக் ஆட்டக்காரர்களை இறக்குகிறது. அவர்களுடைய முடிவும் ஒலிம்பிக்கில் ஆடும் நட்சத்திர அணியின் முடிவும் ஒரே பெயரில் ஒரே கணக்கில் சேர்கின்றன. 2022 நவம்பரில் ஸ்பெயின் முதலிடத்துக்கு வந்ததை இதை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும். அடுத்த மாதத் தொடரில் யார் வெல்வார் என்று கணிக்க இந்தப் பட்டியலை எடுக்க வேண்டாம்; ஆட்டக்காரர் பட்டியல்தான் அதற்கு உதவும். நாலைந்து ஆண்டில் ஒரு நாடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல கருவி கிடையாது. இடத்தைவிடப் பக்கத்து அணியோடு உள்ள புள்ளி இடைவெளியைப் பாருங்கள்.

தொடர்களுக்குக் குலுக்கல் போடும்போது அணிகளைத் தர வாரியாகப் பானை பானையாகப் பிரிக்கவும் இதே தரவரிசைதான், அதனால் பழைய முடிவுகளால் வரும் அதன் தாமதம் களத்திலும் உறைக்கிறது. 2023இல் முதன்முறையாக உலகக் கோப்பைக்கு வந்த லாத்வியா பட்டியலில் பிரான்ஸுக்கு வெகுவாகக் கீழே இருந்தது. ஒரே பிரிவில் விழுந்தார்கள். லாத்வியா 88-86 என வென்றது; டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய பிரான்ஸ் முதல் சுற்றோடு வெளியேற, லாத்வியா ஐந்தாவதாக முடித்தது.