வீணைப் பெட்டி சொன்ன தீர்ப்பு

போர்ஷேயின் மின்சாரக் காரான டைகானில் செடானா, கூரை பின்கதவு வரை நீளும் வேகனா? ஸ்டுட்கார்ட்டில் ஒரே மதியத்தில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். அழகென்றால் செடான்தான். கூரை பின்னால் சரியும் அந்த வளைவுக்காகவே ஏற்கெனவே பாதி முடிவு செய்துவிட்டுப் போயிருந்தேன்.

அப்புறம் மனைவியின் வீணைப் பெட்டியைத் தூக்கி வந்தோம். நான்கடிக்கு மேல் நீளம். செடானின் பின்சீட்டை மடக்க முடியும்தான், ஆனால் டிக்கி மூடி மட்டும் திறக்கும், கண்ணாடி அப்படியே நிற்கும். குடம் இருக்கும் பக்கம் வாயிலேயே முட்டிக்கொண்டது. வேகனான கிராஸ் டூரிஸ்மோவில் கண்ணாடியோடு சேர்ந்து கதவு மேலே போகிறது. சீட்டை மடக்கினால் சுமார் 1,200 லிட்டர் இடம். பெட்டி படுத்துக்கொண்டது.

அதன் பின்சீட்டில் தலைக்கு மேல் செடானைவிட 47 மில்லிமீட்டர் அதிகம் என்று படித்தபோது, இது ஒரு விஷயமா என்று சிரித்தேன். ஆறடி உயர அப்பா ஏறி உட்கார்ந்து, குனியாமல் வெளியே வேடிக்கை பார்த்தார். சரி, விஷயம்தான்.

ஓட்டுவதில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலும் அதே 800 வோல்ட் அமைப்பு, பின்னச்சில் அதே இரண்டு கியர். கிராஸ் டூரிஸ்மோவுக்குத் தரையிலிருந்து 20 மில்லிமீட்டர் இடைவெளி அதிகம், ஆல் வீல் டிரைவில் மட்டும்தான் வரும். சக்கர வளைவைச் சுற்றிய அந்தக் கறுப்புப் பட்டைதான் எனக்குப் பிடிக்கவில்லை. அது வேண்டாதவர்களுக்கு ஸ்போர்ட் டூரிஸ்மோ இருக்கிறது: அதே வேகன் உடம்பு, பட்டை கிடையாது, பின்சக்கர டிரைவிலும் கிடைக்கும். நாங்கள் அதற்குத்தான் ஆர்டர் எழுதிக் கொடுத்தோம்.