காரின் முன்பக்கக் கீச் சத்தத்தை நிறுத்திய மோலிகோட் 111 கிரீஸ்: எட்டு மாத அனுபவம்

தேனியில் சொந்தமாக ஒரு டூரிஸ்ட் கார் வைத்து ஓட்டுகிறேன். ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி, 9 வருடமாக என்னிடம் இருக்கிறது. பெரும்பாலும் போடிமெட்டு வழியாக மூணாறு சவாரி. 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போதும் இறங்கும்போதும் முன்சக்கரங்களுக்கு ஓய்வே கிடையாது. போன தை மாதம் முன்பக்க அடியிலிருந்து ஒரு கீச் சத்தம் ஆரம்பித்தது. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினால் பழைய மரக்கட்டில் முனகுவது போல நீளமாக வரும். பின்சீட்டில் இருந்த ஒரு பாட்டி, "தம்பி, வண்டிக்கு எங்கயோ நோவுதுப்பா" என்று சொன்ன அன்றைக்குத்தான் இனித் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்தேன். வாடகை கொடுத்து ஏறுகிறவர்களுக்கு அந்தச் சத்தம் பயத்தைக் கொடுக்கும். மலையில் ஒருவரைப் பயத்தோடு கூட்டிப்போக எனக்கு மனம் வராது.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க மழைதான் உதவியது. சாலை நனைந்தால் சத்தம் காணாமல் போய்விடும், வெயிலில் காய்ந்ததும் திரும்ப வந்துவிடும். அப்படியென்றால் ஏதோ ஒரு ரப்பர் உலர்ந்து உரசுகிறது. தண்ணீர் பாட்டில் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, கீழே படுத்துக்கொண்டு ஒவ்வொரு ரப்பர் மேலும் பீய்ச்சினேன். மச்சினன் பானெட் ஓரத்தில் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கி அமுக்கி விட்டான். ஸ்டெபிலைசர் பாரின் இடது புஷ் நனைந்தவுடன் பாதிச் சத்தம் போனது. வலது புஷ் நனைந்ததும் முழுவதும் நின்றது. காசு செலவில்லாத சோதனை இது, யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

ஸ்டெபிலைசர் பார் என்பது இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கிற வளைந்த இரும்புக் கம்பி. வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் பிடித்துக்கொள்வது இதுதான். இதை வண்டியின் அடிச்சட்டத்தோடு கட்டி வைப்பவை இரண்டு ரப்பர் புஷ்கள். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக மேலே போகும்போது கம்பி அந்த ரப்பருக்குள் திரும்புகிறது. உலர்ந்த ரப்பர் இரும்பை இறுகப் பிடிக்கும், இழுபடும், ஒரு கட்டத்தில் விட்டுவிடும், உடனே மறுபடி பிடிக்கும். இப்படிப் பிடிப்பதும் விடுவதும் நொடிக்குப் பலமுறை நடந்தால் கீச். ஊதிய பலூனை விரலால் தேய்த்தால் கத்துமே, அதே கதைதான். ஒவ்வொரு பிடியிலும் ரப்பர் துளித்துளியாகத் தேய்வதால், இதை வெறும் சத்தம் என்று விட்டுவிட முடியாது.

முதலில் ஒரு பட்டறையில் காட்டினேன். வீல் பேரிங்குக்குப் போடுகிற கிரீஸையே எடுத்து அப்பி அனுப்பினார்கள். மூன்று வாரம் சத்தமே இல்லை, எனக்கும் நிம்மதி. இரண்டு மாதத்தில் கீச்சுக்குப் பதிலாக டொக் டொக் என்று வேறு சத்தம். கழற்றிப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. புஷ் இரண்டு ஓரத்திலும் பிதுங்கி, அதை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கிளாம்புக்கு வெளியே உதடு மாதிரி வந்திருந்தது. நகத்தை அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. தொட்ட விரலில் கறுப்பு மை போல ஒட்டியது. அதைக் கட்டிக்கொண்டுதான் இரண்டு மாதம் மலை ஏறி இறங்கியிருக்கிறேன்.

சாதாரண கிரீஸ் கச்சா எண்ணெயிலிருந்து வருவது. இயற்கை ரப்பர் அந்த எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டு ஊதி, இளகி, பலம் போய்விடும். எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஆயில் சீல்கள் சில நைட்ரைல் ரப்பரில் செய்தவை, அவை எண்ணெயைத் தாங்கும். அதைப் பார்த்துப் பழகிய கைக்கு எல்லா ரப்பரும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது. ஆனால் அடிப்பக்க புஷ்கள் பெரும்பாலும் இயற்கை ரப்பர். கீச் சத்தத்துக்குத் துரு நீக்கும் ஸ்ப்ரே அடிப்பவர்களையும் பார்க்கிறேன். அதிலும் பெரும்பாலும் அதே வகை எண்ணெய்தான், தயவுசெய்து அடிக்காதீர்கள்.

அப்புறம்தான் மதுரையில் தொழிற்சாலைச் சாமான் விற்கும் ஒரு கடையில் மோலிகோட் 111 வாங்கினேன். சிலிக்கான் எண்ணெயைச் சிலிகா கலந்து கெட்டியாக்கிய கிரீஸ். ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம், வால்வு போன்றவற்றுக்கென்றே வருவது. மைனஸ் 40 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்கிறார்கள். விலையைக் கேட்டதும் யோசனையாக இருந்தது. அந்தக் காசுக்குச் சாதா கிரீஸ் டப்பா டப்பாவாக வாங்கலாம். ஆனால் ஊதிப்போன புஷ்களைக் கையில் பிடித்த பிறகு பேரம் பேசத் தோன்றவில்லை. பிதுக்கினால் பால்கோவாவுக்கும் வாசலினுக்கும் இடைப்பட்ட பதத்தில், வெள்ளை கலங்கலாக வருகிறது. வாசனை கிடையாது. விரலிடுக்கில் தேய்த்தால் வழுக்கும், ஆனால் ஒழுகாது. சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாலும் கையை விட்டுப் போகவில்லை. தண்ணீருக்கு அசையாது என்பது அங்கேயே தெரிந்தது.

புது புஷ் இரண்டு வாங்கி நானே மாட்டினேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்துவிட்டுத்தான் கீழே போனேன். இதில் நேரம் எடுத்தது கிரீஸ் போடுவது இல்லை, கம்பியைச் சுத்தம் செய்வதுதான். புஷ் உட்காருகிற இடத்தில் துருவும் பழைய கிரீஸும் மண்ணும் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருந்தது. அதன்மேல் எந்தக் கிரீஸ் போட்டாலும் ரப்பர் அறுபடும். முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துப் பழைய கிரீஸைப் போக்கி, நைசான எமெரி தாளால் கம்பி வழவழப்பாகும் வரை தேய்த்து, துணியால் துடைத்துக் காயவிட்டேன். பிறகு புஷ்ஷின் உட்பக்கம் மட்டும் சுண்டுவிரல் நுனியளவு எடுத்து மெல்லிய பூச்சாகத் தடவினேன். வெள்ளையாகத் தெரியும் அளவுக்குப் போடத் தேவையில்லை, ரப்பர் மினுங்கினால் போதும். புஷ்ஷில் உள்ள வெட்டு பழையபடி எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் பார்த்து வைத்து, கிளாம்பை முடுக்கி, வெளியே பிதுங்கியதைத் துடைத்தெடுத்தேன். வெளியே விட்டால் புழுதி ஒட்டிக்கொண்டு அதுவே அரைக்கிற சாந்தாகிவிடும்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. நடுவில் ஒரு முழு மழைக்காலம் போய்விட்டது, வண்டி 22,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கீச் சத்தம் ஒரு தடவைகூட வரவில்லை. ஆறாவது மாதம் மனம் கேட்காமல் இடது பக்கத்தை மட்டும் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பூச்சு அப்படியே இருந்தது, ஓரத்தில் மட்டும் புழுதி கலந்து சாம்பல் நிறம். கம்பி பளபளவென்று இருந்தது. ரப்பரில் நகத்தை அழுத்தி எடுத்தேன். தடம் நிற்காமல் உடனே சமமானது. வாங்கிய காசு அந்த இடத்தில் எனக்குத் திரும்பிவிட்டது.

ஆனால் இதை வாங்கியவுடன் கண்ட ரப்பரிலெல்லாம் தடவக் கூடாது. கம்பி உள்ளே வழுக்கித் திரும்புகிற புஷ்ஷுக்குத்தான் கிரீஸ். சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கிற கீழ்க்கை, அதாவது லோயர் ஆர்ம், அதன் புஷ் வேறு சாதி. அதில் ரப்பர் இரும்புக் குழாயோடு ஒட்டவைக்கப்பட்டிருக்கும், வழுக்காது, முறுக்கிக்கொண்டு திரும்பும். அதற்குக் கிரீஸ் தேவையே இல்லை. சொல்லப்போனால் அங்கே கவனிக்க வேண்டியது போல்ட்டைக் கடைசியாக முடுக்கும் நேரம். வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முழுவதும் முடுக்கிவிட்டால், கீழே இறக்கியவுடன் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகுதான் முடுக்க வேண்டும். சில வண்டிகளில் ஸ்டெபிலைசர் புஷ்ஷே கம்பியோடு ஒட்டியபடி வரும், சிலவற்றில் உள்ளே வழுக்கும் துணிப்பட்டை இருக்கும். அவற்றுக்கும் கிரீஸ் போட வேண்டாம். சர்வீஸ் புத்தகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சத்தத்தையும் பிரித்துக் கேட்க வேண்டும். கீச் என்றால் உலர்ந்த உரசல், அது இந்தக் கிரீஸுக்குக் கட்டுப்படும். டொக் என்றால் புஷ் தேய்ந்து இடைவெளி விழுந்திருக்கிறது அல்லது ஸ்டெபிலைசர் பாரின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராடு போயிருக்கிறது. அதற்கு எந்தக் கிரீஸும் மருந்தில்லை, சாமானை மாற்றத்தான் வேண்டும்.

இன்னும் சில எச்சரிக்கைகள். பிரேக் டிஸ்க்கிலோ பேடிலோ ஒரு துளி படக் கூடாது. வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் சக்கரத்தைத் தொட்டேன். பெயின்ட் அடிக்கப்போகிற பாகத்துக்குப் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள், சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் குழி குழியாக விலகும். சிலிக்கான் ரப்பருக்கு இது ஆகாது, அதையே ஊதவைத்துவிடும். இரும்போடு இரும்பு பாரத்தில் உரசும் வீல் பேரிங் போன்ற இடத்துக்கும் இது சரிப்படாது, அங்கே வழக்கமான பேரிங் கிரீஸ்தான்.

150 கிராம் ட்யூபில் இரண்டு புஷ்ஷுக்குச் செலவானது மிகக் கொஞ்சம். நான்கு கதவின் ரப்பர் பீடிங்குக்கும் துணியில் தொட்டுப் பூசினேன், மலை இறக்கத்தில் கதவு ஓரத்தில் வந்த நரநரப்பு குறைந்திருக்கிறது. வீட்டுத் தண்ணீர் ஃபில்டரின் ஓ-ரிங் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இழுபட்டு முறுக்கிக்கொள்ளும். குடிதண்ணீர்க் குழாய்ச் சாமான்களுக்குச் சான்று பெற்ற கிரீஸ் என்பதால் அதற்கும் லேசாகத் தடவினேன், இப்போது அக்கா ஒரு கையாலேயே திறக்கிறார். ட்யூபில் முக்கால்வாசி மிச்சம் இருக்கிறது. ஸ்டாண்டில் என் பக்கத்தில் நிற்கும் அண்ணன் வண்டியும் இரண்டு வாரமாக வேகத்தடையில் முனகுகிறது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பாட்டிலோடு வரச் சொல்லியிருக்கிறேன்.