ஆய்வுக் கட்டுரையைத் திறந்துவிட மூன்று வழி: எது கட்டுப்படியாகும்?

"ஓப்பன் ஆக்சஸ்ல, யாரு வேணா இலவசமா படிக்கிற மாதிரி, போடுங்க சார்" என்று ஒரு பேராசிரியரிடம் சொன்னால் உடனே வரும் பதில், "லட்சக்கணக்கில் கேப்பாங்களே தம்பி." சுயநிதிக் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. அவர் மனதில் இருப்பது மூன்று வழிகளில் 'தங்க வழி' (கோல்டு) மட்டும்தான், அதாவது எழுதியவர் பணம் கட்டுவார், படிப்பவருக்கு இலவசம். நேச்சர் இதழ் 2021-இல் இதற்கு வைத்த விலை 9,500 யூரோ. அன்றைய கணக்கில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். எல்லா இதழும் இவ்வளவு கேட்பதில்லை, ஆனால் இதில் கால்வாசி கேட்டாலும் சம்பளத்திலிருந்து யார் கட்டுவார்? ஏழை நாடுகளுக்கான கட்டண விலக்குப் பட்டியல்களிலும் இந்தியா பெரும்பாலும் இருக்காது. ஆய்வுத் திட்ட நிதியில் பணம் ஒதுக்கியிருந்தால் தாராளமாகப் போகலாம், அச்சான பிரதியே வெளியான அன்று எல்லோருக்கும் கிடைத்துவிடும். நிதி இல்லாதவர்தான் மலிவாகத் தேடிப்போய், ஒரே வாரத்தில் "ஏற்றுக்கொண்டோம்" என்று மெயில் அனுப்பும் போலி இதழில் மாட்டுகிறார்.

வைர வழியில் யாருமே பணம் கட்ட வேண்டாம். பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமியின் இயற்பியல் இதழான 'பிரமாணா' மாதிரி இதழ்களை அதன் தளத்தில் சும்மாவே படிக்கலாம். நல்ல வழிதான், உங்கள் துறைக்கு அப்படி ஒரு இதழ் இருந்தால்.

நான் சிபாரிசு செய்வது பச்சை வழியை. உங்களுக்குப் பிடித்த இதழிலேயே, அது சந்தா இதழாக இருந்தாலும், வெளியிடுங்கள். நடுவர்கள் (இதழுக்காகக் கட்டுரையைச் சரிபார்க்கும் துறை வல்லுநர்கள்) சொன்ன திருத்தங்களைச் சேர்த்து ஏற்கப்பட்ட உங்கள் வரைவை ஒரு களஞ்சியத்தில், அதாவது கட்டுரைகளைச் சேமித்து எல்லோருக்கும் இலவசமாகத் தரும் இணையதளத்தில், ஏற்றிவிடுங்கள். இயற்பியல்காரர்களுக்கு இது பழைய கதை: பால் கின்ஸ்பார்க் 1991-இல் தொடங்கிய ஆர்க்கைவ் (arXiv) களஞ்சியத்தில்தான் அவர்கள் அன்றாடம் படிக்கிறார்கள், கணிதவியலாளர் பெரல்மான் பாய்ன்காரே கணிப்பு என்ற கணிதப் புதிருக்கான நிரூபணத்தை 2002-இல் போடத் தொடங்கியதும் அங்கேதான். உங்கள் கல்லூரிக்குக் களஞ்சியம் இல்லையா, ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் செனோடோ இருக்கிறது, காசு கேட்காது. சில இதழ்கள் ஆறு மாதம், ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லும். ஓப்பன் பாலிசி ஃபைண்டர் (முன்பு ஷெர்பா ரோமியோ) தளத்தில் இதழின் பெயரைத் தட்டினால் விவரம் வரும்.

இதில் உண்மையான தொல்லை வேறு. ஏற்ற வேண்டியது பதிப்பாளர் அச்சுக்கோத்த பிடிஎஃப்பை அல்ல, உங்கள் வரைவை, அது யாரிடமும் இருப்பதில்லை! போன மாதம் ஒரு மேடம் பென் டிரைவோடு வந்தார். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நியூ ஃபைனல்' என்று மூன்று ஃபைல். நடுவர் திருத்தம் எதில் இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் இதழுக்கு அனுப்பிய பழைய மெயிலைத் தோண்டி எடுத்தோம். அச்சான கட்டுரையையோ எங்கள் கல்லூரிக் கணினியில் திறக்கவே முடியாது, ஏனென்றால் அந்த இதழுக்கு நாங்கள் சந்தா கட்டுவதில்லை.

"அதான் அரசாங்கமே 'ஒரே நாடு ஒரே சந்தா' கொண்டு வந்தாச்சே, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்பவர்களும் உண்டு. 2025 முதல் 2027 வரை மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், முப்பது பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களுக்கு அரசே சந்தா கட்டுகிறது. பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு. எங்களைப் போன்ற சுயநிதிக் கல்லூரிகள் வெளியேதான் நிற்கின்றன. சந்தா கட்டினால் நாம் மற்றவர்களைப் படிக்கலாம், சரி, நாம் எழுதியதை நைரோபியில் இருப்பவர் படிக்க அது எப்படி உதவும்?

அதனால் இப்போதெல்லாம் அறிவு பொதுச்சொத்து என்றெல்லாம் பேசுவதை விட்டுவிட்டேன். ஏற்பு மெயில் வந்த அன்றைக்கே அந்த வேர்ட் ஃபைலை எனக்கு ஃபார்வர்டு பண்ணுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்கிறேன். இதுவரை இரண்டு பேர் அனுப்பியிருக்கிறார்கள், அதில் ஒருவர் அந்த பென் டிரைவ் மேடம்.