சாவி கொடுக்கிற ஜனதாவா, பேட்டரி டைட்டனா, ஆட்டோமேட்டிக் சீக்கோவா?

அக்கா மகன் முதல் சம்பளம் வாங்கிய அன்று இரவு போன் செய்தான். "மாமா, கையில கட்ட ஒரு நல்ல வாட்ச் வேணும். உங்ககிட்ட இருக்கிற மாதிரி பழசா இருந்தாலும் சரிதான்" என்றான். கூடவே மூன்று படங்கள் அனுப்பியிருந்தான். ஒன்று பழைய எச்.எம்.டி. ஜனதா. இன்னொன்று டைட்டன் குவார்ட்ஸ், அதாவது பேட்டரியில் ஓடுவது. மூன்றாவது சீக்கோ 5. பதினைந்து வருடமாகப் பழைய வாட்சுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவன் நான். இந்த மூன்றையுமே வருடக்கணக்கில் கட்டியிருக்கிறேன். போனில் அவனிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

எனக்குப் பிடித்தது ஜனதாதான். ஆனால் எல்லோரையும் அதை வாங்கச் சொல்ல மாட்டேன். உங்கள் ஊரில் ஒரு பழைய வாட்சை முழுக்கப் பிரித்து, கழுவி, எண்ணெய் விட்டு, மறுபடி கோத்து ஓட வைக்கத் தெரிந்த ஆள் யாராவது இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஜனதா வாங்குங்கள். இல்லையென்றால் டைட்டன். வாட்சைத் தேடுவதற்கு முன்னால் ரிப்பேர்காரரைத் தேட வேண்டும் என்பதைப் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். அந்தக் கதை பிறகு.

எச்.எம்.டி. என்றால் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ். 1953-ல் பெங்களூரில் கடைசல் இயந்திரம் போன்றவற்றைச் செய்யத் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து அங்கேயே கைக்கடிகாரத் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். முதல் தொகுதியை வெளியிட்டவர் நேரு. ஜனதா அந்தக் காலத்து வாட்ச்தான். சுமார் 35 மில்லிமீட்டர் அகலம், வெள்ளை டயல், மெல்லிய முட்கள், தேதி கிடையாது. எங்கள் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். 1976-ல் வாங்கிய ஜனதாவை ஓய்வு பெறும் வரை கட்டினார். காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்ததும் வாட்சைக் கையில் எடுத்துச் சாவி கொடுப்பார். கையில் கட்டிக்கொண்டே சாவி கொடுக்க எங்களை விட மாட்டார். அப்படிச் செய்தால் திருகு ஒரு பக்கமாக அழுந்தி உள்ளே இருக்கும் தண்டு தேயும் என்பார். அது முழு உண்மை. கழற்றி வைத்து, இரண்டு விரலால் மெதுவாகத் திருகி, இறுகுகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஒருமுறை முழுதாகச் சாவி கொடுத்தால் ஒரு பகல், ஒரு இரவு தாண்டி ஓடும்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் இந்த வாட்ச் மேல் ஆசை இன்னும் கூடும். சாவி கொடுக்கும்போது ஒரு எஃகுச் சுருள்வில் இறுகுகிறது. அது பிரிய முயலும் விசைதான் வாட்சுக்கு உயிர். அந்த விசை ஒரேயடியாகத் தீர்ந்துபோகாமல், பேலன்ஸ் வீல் என்கிற சின்னச் சக்கரம் முன்னும் பின்னும் ஆடி அதைத் துளித் துளியாக வெளியே விடுகிறது. ஜனதாவில் அது நொடிக்கு ஐந்து அசைவு. ஒரு நாளைக்கு 4,32,000. தேய்மானம் குறைய முக்கியமான இடங்களில் 17 செயற்கை மாணிக்கக் கற்கள். டயலில் '17 ஜுவல்ஸ்' என்று போட்டிருப்பது இதைத்தான். நகைக் கடைக் கல் என்று நினைத்து விலை கேட்பவர்களும் உண்டு. அந்தக் கற்களுக்குத் தனியாக விற்பனை மதிப்பு எதுவும் இல்லை.

நன்றாகச் சர்வீஸ் செய்த ஜனதா நாளுக்குப் பத்துப் பதினைந்து நொடி முன்னே பின்னே போகும். பத்து நொடி என்றே வைத்துக்கொள்வோம். 8,640 நொடிக்கு ஒரு நொடி பிசகு. பேட்டரியும் மின்சாரமும் இல்லாமல், வெறும் உலோகமும் எண்ணெயும் ஐம்பது வருடம் கழித்தும் இந்தக் கணக்கில் ஓடுகிறது என்பது எனக்கு இன்றுவரை பெரிய அதிசயமாகத்தான் இருக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. தண்ணீர் ஆகவே ஆகாது. நம் ஊர் வியர்வையும் சேர்ந்தால் பல பழைய மாடல்களின் முலாம் பொரிந்து பித்தளை தெரிய ஆரம்பிக்கும். காந்தம் இன்னொரு எதிரி. ஸ்பீக்கர் பக்கத்திலோ காந்த மூடி போட்ட டேப்லெட் உறை மேலோ வைத்தால், பேலன்ஸ் வீலோடு சேர்ந்து ஆடும், முடி மாதிரி மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடும். பயப்பட வேண்டாம், ரிப்பேர் கடையில் காந்தம் நீக்கும் கருவியில் வைத்து எடுத்தால் சில நொடியில் சரியாகிவிடும். கண்ணாடி பிளாஸ்டிக் என்பதால் சீக்கிரம் கீறல் விழும். ஆனால் பற்பசையைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் லேசான கீறல் மறைந்துவிடும். சீக்கோ, டைட்டன் கண்ணாடிகளில் இந்த வித்தை பலிக்காது.

இப்போது என் பணம் போன கதை. எட்டு வருடத்துக்கு முன்னால் எச்.எம்.டி. பைலட் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். கறுப்பு டயல், படத்தில் பளபளவென்று இருந்தது. வந்து சேர்ந்ததும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எழுத்துகளின் ஓரம் கசிந்திருந்தது. நிமிடக் கோடுகள் முள்ளின் நுனியோடு பொருந்தவில்லை. பழைய டயலைச் சுரண்டிவிட்டு மேலே புதிதாக அச்சடித்திருந்தார்கள். உள்ளே இயந்திரமும் இரண்டு மூன்று வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கோத்தது. இரண்டு மாதத்தில் நின்றுவிட்டது. கண்ட கண்ட நிறங்களில் எல்லாம் இப்படி 'பைலட்' விற்கிறார்கள். அதனால் ஐம்பது வருட வாட்சின் டயல் நேற்று அச்சடித்த மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். லேசாகப் பழுப்பேறிய, ஓரத்தில் புள்ளி விழுந்த டயல்தான் நம்பகமானது. முடிந்தால் தெரிந்தவர் வீட்டு அலமாரியில் தூங்கும் வாட்சைக் கேட்டு வாங்குங்கள். நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் தாத்தாவின் எச்.எம்.டி. ஒன்று டப்பாவுக்குள் கிடக்கிறது.

டைட்டனுக்கு வருவோம். 1984-ல் டாடா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் இது. தொழிற்சாலை ஓசூரில். அந்தப் பக்கம் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட இடம். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பெண் பார்க்கும் பேச்சில் 'மாப்பிள்ளை டைட்டன்ல இருக்கார்' என்ற வார்த்தைக்குத் தனி எடை இருந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தொடக்கத்திலிருந்தே அவர்கள் குவார்ட்ஸை நம்பி இறங்கினார்கள். 1969 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானில் சீக்கோ வெளியிட்ட ஆஸ்ட்ரான்தான் உலகத்தில் விற்பனைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். டைட்டன் பிறந்த காலத்தில் அந்தத் தொழில்நுட்பம் நன்றாகக் கனிந்திருந்தது.

குவார்ட்ஸின் கணக்கும் அழகானதுதான். பேட்டரியின் மின்சாரம் பட்டதும் ஒரு சின்னப் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதைப் பதினைந்து முறை பாதி பாதியாகக் குறைத்தால் சரியாக நொடிக்கு ஒன்று வரும். அந்த ஒரு துடிப்பில் முள் ஒரு எட்டு வைக்கிறது. சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்கே பதினைந்து நொடி அளவில்தான் பிசகும். ஜனதா ஒன்றிரண்டு நாளில் விடும் பிழை அது. நேரம்தான் முக்கியம் என்றால் பேச்சை இங்கேயே முடித்துக்கொள்ளலாம், டைட்டன் ஜெயித்துவிட்டது. 2002-ல் வந்த டைட்டன் எட்ஜ் வெறும் 3.5 மில்லிமீட்டர் தடிமன். ஓசூரில் செய்த ஒரு பொருள் அந்த அளவுக்குப் போனதில் எனக்கு உள்ளபடியே பெருமை உண்டு. என் கல்யாணத்துக்கு மாமனார் போட்டதும் ஒரு டைட்டன்தான். இப்போதும் ரயிலைப் பிடிக்க வேண்டிய நாட்களில் அதைத்தான் கட்டுகிறேன்.

ஆனால் குவார்ட்ஸ் வாட்சுக்கு வயதாகிற விதம் வேறு. சர்க்யூட் போனால் யாரும் அதைப் பிரித்துச் சரிசெய்வதில்லை, இயந்திரத்தையே மொத்தமாகத் தூக்கிவிட்டு வேறொன்றை வைப்பார்கள். பழைய மாடலுக்குப் பொருந்துவது கிடைக்காவிட்டால் வாட்ச் நினைவுப் பொருள் ஆகிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். செத்த பேட்டரியை உள்ளேயே விட்டு அலமாரியில் வைக்காதீர்கள். கசிந்து உள்ளே எல்லாவற்றையும் அரித்துவிடும். எங்கள் அக்காவின் கல்யாண வாட்ச் அப்படித்தான் போனது.

எங்கள் வீட்டு விசேஷங்களில் இந்த இரண்டு வாட்சும் அரசியல் பேச்சாகவே மாறிவிடும். 'அரசாங்கம் நடத்தினால் இப்படித்தான், பாரு, எச்.எம்.டி.யை மூடிட்டாங்க, டைட்டன் நிக்குது' என்பார் சித்தப்பா. பெரியப்பா பொதுத்துறையில் வேலை பார்த்தவர், விட மாட்டார். எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-ல் ஒப்புதல் கொடுத்தது உண்மை. டைட்டனுக்குள்ளும் ஒரு அரசின் பங்கு இருந்தது என்பதும் உண்மைதானே? அதனால் இதை அரசா தனியாரா என்று பிரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்தது. ஆனால் மக்கள் மெல்லிய, அழகான பேட்டரி வாட்ச் பக்கம் திரும்பிய வேகத்துக்கு அது ஓடவில்லை. கடையில் வாட்சைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, விளக்குப் போட்டு, உட்கார வைத்துக் காட்டியது டைட்டன். அதற்காக ஜனதா மட்டமான பொருள் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதைச் செய்த கைகள் நல்ல கைகள். அந்தத் தொழிற்சாலைகளோடு ஒரு தலைமுறையின் கைத்திறனும் கலைந்து போனது என்பதுதான் என் வருத்தம்.

சீக்கோ 5 பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஏனென்றால் அது தொந்தரவே தராத வாட்ச். 1963-ல் தொடங்கிய வரிசை. கை அசைய அசைய உள்ளே ஒரு எடை சுழன்று தானே சாவி கொடுத்துக்கொள்ளும். கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில் தெரியும். பின்பக்கம் கண்ணாடி வைத்த மாடலில் இயந்திரம் ஓடுவதைப் பார்க்கலாம், குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பல வருடம் வந்த 7எஸ்26 இயந்திரத்துக்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. இரண்டு நாள் கட்டாமல் வைத்தால் நின்றுவிடும். எடுத்து மெதுவாக ஆட்டி, நேரம், தேதி, கிழமை எல்லாவற்றையும் திரும்ப வைக்க வேண்டும். ஒரே ஒரு வாட்சைத் தினமும் கட்டுகிறவருக்கு இது பிரச்சினையே இல்லை. என்னைப் போல மாற்றி மாற்றிக் கட்டுகிறவருக்கு எரிச்சல். 2019-க்குப் பிறகு வந்த சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் மாடல்களில் சாவியும் கொடுக்கலாம். விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது.

மழையிலும் சேற்றிலும் வேலை பார்ப்பவர் என்றால் இந்த மூன்றுமே வேண்டாம். 1989-லிருந்து வரும் கேசியோ எஃப்-91டபிள்யூ போதும். லேசானது, விலை குறைவு, ஒரே பேட்டரியில் பல வருடம் ஓடும்.

அக்கா மகன் சென்னையில் பைக்கில் வேலைக்குப் போகிறவன். வெயில், வியர்வை, ஐப்பசி மழை எல்லாம் பார்க்க வேண்டும். வேலைநாளுக்கு ஒரு டைட்டன் வாங்கிக்கொள், நல்ல ஸ்டீல் பட்டையோடு எடு, தோல் பட்டை ஒரே மழையில் நாறிவிடும் என்று சொன்னேன். ஜனதாவுக்காக இணையத்தில் தேடாதே, பொங்கலுக்கு ஊருக்கு வா என்றும் சொன்னேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஆறடி அகலக் கடையில் ஒரு பாய் இருக்கிறார். என் பைலட்டைப் பிரித்துப் பார்த்து, "தம்பி, இதுல மூணு வாட்ச் இருக்கு" என்று சொன்னவர் அவர்தான். அப்பாவின் ஜனதா இப்போது அவரிடம் சர்வீஸுக்குப் போயிருக்கிறது. இரண்டு வாரம் கேட்டிருக்கிறார், நான் அவசரப்படுத்தவில்லை. கழுவி எண்ணெய் விட்டபின் படுக்க வைத்து ஒரு நாள், நிற்க வைத்து ஒரு நாள் என்று ஓட்டிப் பார்த்து, இரண்டு நிலையிலும் ஒரே கணக்கு வந்தால்தான் கையில் கொடுப்பார்.