பினாங்கில் நான்கு வாசல்கள்: ஒரு நடைப்பயணத்தின் மதிப்புரை

நாகப்பட்டினத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். உலக மதங்கள் பாடம் வந்தால் கரும்பலகையில் கோடு இழுத்து அட்டவணை போடுவேன். மதம், நிறுவியவர், புனித நூல், வழிபாட்டு இடம். பௌத்தத்துக்கு நேரே புத்தர், கிறிஸ்தவத்துக்கு நேரே இயேசு, இஸ்லாத்துக்கு நேரே முகமது நபி. இந்து மதத்துக்கு நேரே மட்டும் ஒரு சிறு கோடு. ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை கையைத் தூக்கி, "டீச்சர், அங்கே ஏன் ஒன்றும் எழுதவில்லை?" என்று கேட்கும். "நிறுவியவர் என்று ஒருவர் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது போதும்.

போன மாதம் பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு காலைப் பொழுது நடந்த பிறகு, அந்த அட்டவணையை வேறு மாதிரி போட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மகள் கோலாலம்பூரில் இருக்கிறாள். பேரனுக்குப் பதினோரு வயது, பள்ளி விடுமுறை. நாங்கள் தங்கிய விடுதியில்தான் இந்த நடைப்பயணத்தை ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். காலை எட்டரை முதல் நண்பகல் வரை. பெரியவர்களுக்கு 70 ரிங்கிட், பிள்ளைகளுக்குப் பாதி. தமிழில் பேசும் வழிகாட்டி வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தோம். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண் வந்தார். முன்பு பிட் தெரு என்றும் இப்போது ஜாலான் மஸ்ஜித் கபித்தான் கெலிங் என்றும் வழங்கும் தெருவும் அதன் பக்கத்துத் தெருக்களும்தான் பாதை. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பகுதி இது.

தொடங்கும்போதே அவர் ஒன்று சொன்னார். "ஒவ்வோர் இடத்திலும் உள்ளே போனதும் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். பிறகு நான் பேசுகிறேன்." இந்த ஒரு கேள்விக்காகவே அவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். பேரன் அதைப் பிடித்துக்கொண்டான்.

முதல் இடம் புனித ஜார்ஜ் ஆலயம். 1818இல் கட்டி முடித்த ஆங்கிலிக்கன் கோயில். வெள்ளைத் தூண்களும் கூம்புக் கோபுரமுமாக நிற்கிறது. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்தது என்றார் வழிகாட்டி. நடுவில் என்ன என்று கேட்டதற்குப் பேரன், "ஒரு மேசை" என்றான். சரியான பதில். இயேசு தம் சீடர்களோடு கடைசியாக உண்ட உணவின் நினைவுதான் அந்த மேசை. அப்பமும் திராட்சை ரசமும் அங்கிருந்துதான் வருகின்றன. "அம்மாச்சி, வேளாங்கண்ணியில் சிலுவையில் இயேசு இருப்பாரே, இங்கே வெறும் சிலுவைதானே இருக்கிறது?" என்று அவன் கேட்டான். வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெளியே போகலாம் என்றார். எனக்கு வருத்தம். பத்தே நிமிடம்தான் இங்கே கொடுத்தார்கள்.

அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும். இயேசு கலிலேயாவில் வளர்ந்த யூதர். யூதராகவே வாழ்ந்து, ரோமானிய ஆளுநர் பிலாத்துவின் ஆணையால் சிலுவையில் இறந்தார். அவர் மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்று சீடர்கள் நம்பினார்கள். கிறிஸ்தவம் அந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. சிலுவை வெறுமையாக இருந்தால் அது உயிர்ப்பைச் சொல்கிறது. உடலோடு இருந்தால் பட்ட பாட்டைச் சொல்கிறது. 'கிறிஸ்தவர்' என்ற பெயர்கூட அவர் காலத்துக்குப் பிறகு அந்தியோக்கியாவில்தான் முதலில் வழங்கியது என்று பைபிளின் அப்போஸ்தலர் பணி நூல் சொல்கிறது. இதைப் பேரனுக்கு நான் நடைபாதையில் நடந்துகொண்டே சொன்னேன். பணம் கொடுத்து வந்தவர்களுக்கு இதைச் சொல்வது வழிகாட்டியின் வேலை.

அடுத்த இடத்தில் அந்த மனக்குறை தீர்ந்துவிட்டது. கருணைத் தெய்வம் குவான் யின் கோயிலின் முற்றத்தில் ஊதுபத்திப் புகை கண்ணைக் கரித்தது. வழிகாட்டி எங்களை ஓரமாக நிறுத்தி, எதுவும் பேசாமல் ஒரு மூதாட்டியைப் பார்க்கச் சொன்னார். அந்த அம்மாள் மூங்கில் குவளை ஒன்றை இரண்டு கைகளாலும் பிடித்துச் சாய்த்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே நிறையக் குச்சிகள். சளசளவென்ற ஓசை. ஒரு குச்சி மட்டும் மெல்ல மெல்ல மேலே ஏறிக் கீழே விழுந்தது. அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, பிறை வடிவத்தில் இருந்த இரண்டு மரத்துண்டுகளைத் தரையில் போட்டார். ஒன்று தட்டையான பக்கமும் மற்றது வளைந்த பக்கமும் மேலாக விழுந்தால், கேட்டதற்குத் தெய்வம் சரி சொல்லிவிட்டதாகப் பொருள். முதல் தடவை அப்படி விழவில்லை. மறுபடி குலுக்கத் தொடங்கினார். எங்கள் ஊரில் அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்ப்பார்கள்; என் அம்மாவின் கை நடுங்கியது நினைவுக்கு வந்தது.

பிறகுதான் வழிகாட்டி பேசினார். குவான் யின் என்றால் உலகத்தின் அழுகுரலைக் கேட்பவள். இந்தியாவில் அவலோகிதேசுவரர் என்ற ஆண் வடிவப் போதிசத்துவர்தான் சீனாவுக்குப் போய்ப் பல நூற்றாண்டுகளில் பெண் வடிவம் கொண்டார். தனக்கு விடுதலை கைகூடும் நிலையிலும் மற்ற உயிர்களுக்காக நிற்பவரே போதிசத்துவர். துன்பம் இருக்கிறது, அதற்குக் காரணம் வேட்கை, அதை அணைக்க முடியும், அணைக்க ஒரு வழி இருக்கிறது: சாரநாத்தில் புத்தர் சொன்ன இந்த நான்கு உண்மைகளிலிருந்து இந்தப் புகைக்குள் நிற்கும் தாய் வரை எப்படி வந்தது என்பதை அவர் சொன்ன விதம் மிகத் தெளிவு. இக்கோயில் முழுக்கப் பௌத்தமும் அல்ல, கடல் தெய்வம் மாசுவுக்கும் தாவோயிசத் தெய்வங்களுக்கும் இங்கே இடமுண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அவர் சொல்லாத ஒன்றை நான் சொன்னேன். பினாங்கு 1786 வரை கெடா சுல்தானுடையது. கெடாதான் நம் கல்வெட்டுகளில் வரும் கடாரம். ராஜராஜ சோழன் காலத்தில் கடாரத்து அரசர் எங்கள் நாகப்பட்டினத்தில் தம் தந்தை சூடாமணிவர்மர் பெயரால் ஒரு பௌத்த விகாரை கட்டினார். அதற்கு ஆனைமங்கலம் ஊரைச் சோழன் கொடையாகக் கொடுத்தான். அகத்தியர் தமிழ் கேட்டது இதே அவலோகிதரிடம் என்று வீரசோழியம் என்ற பழைய தமிழ் இலக்கண நூல் சொல்கிறது. வழிகாட்டி கையிலிருந்த குறிப்பேட்டைத் திறந்து எழுதிக்கொண்டார். கற்றுக்கொள்ளத் தயங்காத வழிகாட்டி கிடைப்பது அரிது.

குவீன் தெருப் பக்கம் திரும்பினால் மகா மாரியம்மன் கோயில் கோபுரம். 1833இல் கோயிலாகக் கட்டப்பட்டது. இங்கே வழிகாட்டி, "அம்மா, இது உங்களுக்குத் தெரிந்த இடம், தம்பிக்கு நீங்களே சொல்லுங்கள்" என்று ஒதுங்கிக்கொண்டார். முதலில் திகைத்தேன். முப்பத்தோரு ஆண்டுகள் சிறு கோடு போட்ட இடம் அல்லவா அது. கருவறையில் நடுவில் அம்மன். அவளைப் பார்ப்பதும் அவள் நம்மைப் பார்ப்பதும்தான் இங்கே வழிபாடு. மாரி என்றால் மழை. ஊர் எல்லையில் நின்ற அவள் வேதத்திலிருந்து வந்தவள் அல்ல. ரிக்வேதம் வேறு ஓர் ஊற்று. வினை, மறுபிறப்பு, வீடுபேறு என்று உபநிடதங்கள் பேசியது வேறு. இந்து என்ற சொல்கூட சிந்து நதியின் பெயரைப் பாரசீகர்கள் தங்கள் வாயில் சொன்ன விதத்திலிருந்து வந்தது. இத்தனை ஊற்றுகளும் ஒரே கோபுரத்தின் கீழ் சேர்ந்திருக்கும்போது நிறுவியவர் கட்டத்தில் யாரை எழுதுவது? பேரனுக்கு இவ்வளவையும் சொல்லி முடித்தபோது தீபாராதனை மணி அடித்தது.

கபித்தான் கெலிங் பள்ளிவாசலை 1801இல் நிறுவியவர் காதர் முகைதீன். இங்கு வந்து குடியேறிய தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களின் தலைவர். கபித்தான் என்பது அந்தப் பொறுப்பின் பெயர். வாசலில் எனக்கும் மகளுக்கும் அங்கி கொடுத்தார்கள். உள்ளே போய் வந்த பேரன், "நடுவில் ஒன்றுமே இல்லை அம்மாச்சி, சுவரில் ஒரு மாடம், அதுவும் காலி" என்றான்.

அங்கே பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் ஒரு பெரியவர் இருந்தார். முன்னோர்கள் கீழக்கரை, தமிழ் அப்படியே இருந்தது. அந்த மாடம் மக்காவின் காபா இருக்கும் திசையைக் காட்டுவது, வணங்கப்படுவது மாடமும் அல்ல, காபாவும் அல்ல, உருவமற்ற ஒரே இறைவன் என்றார். நடைப்பயணக்காரர்கள் தந்த அச்சிட்ட தாளில் 'முஸ்லிம்கள் மேற்கு நோக்கித் தொழுவார்கள்' என்று இருந்தது. "அப்படியானால் மொராக்கோவில்?" என்றான் பேரன். பெரியவர் முகம் மலர்ந்து, "அங்கே கிழக்கு நோக்கி, தம்பி" என்றார்.

அதே தாளில் 'இஸ்லாத்தை நிறுவியவர் முகமது நபி' என்றும் இருந்தது. அதை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். "இந்தச் சொல்லை நாங்கள் சொல்வதில்லை, அம்மா. ஆதம் நபி, இப்ராஹிம் நபி, மூசா நபி, ஈசா நபி என்று வந்த வரிசையில் இவர் இறுதித் தூதர். மார்க்கம் முதல் மனிதரிலிருந்தே இருக்கிறது." ஈசா நபி என்பது காலையில் பார்த்த ஆலயத்து இயேசுவா என்று பேரன் கேட்டான். "அவர்தான். ஆனால் அவரை இறைவனின் மகன் என்று நாங்கள் நம்புவதில்லை."

எனக்கு அந்த இடத்தில் உட்கார வேண்டும்போல் இருந்தது. என் வகுப்பில் ஆண்டுதோறும் நாகூர்ப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அந்தக் கட்டத்தில் நான் எழுதியதையே அவர்களும் தேர்வில் எழுதினார்கள். வீட்டில் கேட்டது வேறாக இருந்தும் ஒரு பிள்ளைகூட என்னிடம் சொன்னதில்லை. புத்தர்கூடப் புதிதாக ஒன்றை உண்டாக்கியதாகச் சொல்லவில்லை. காட்டுக்குள் மறைந்து கிடந்த பழைய வழியைக் கண்டதாகத்தான் பாலி சூத்திரம் ஒன்றில் சொல்கிறார். நான்கு வரிகளில் ஒன்றுகூட அந்தக் கட்டத்தில் சரியாகப் பொருந்தவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அந்த அச்சிட்ட தாளை உடனே மாற்ற வேண்டும். புத்தர் பிறந்தது புத்தகயை என்று போட்டிருக்கிறார்கள். லும்பினியில் பிறந்தார், புத்தகயையில் ஞானம் பெற்றார். மூன்றரை மணி நேரத்தில் முதியவர்கள் உட்கார ஓரிடம்கூட ஏற்பாடு செய்யவில்லை. சூலியா தெருவில் இருக்கும் நாகூர் தர்கா பட்டியலிலேயே இல்லை. நாகூர் ஆண்டவர் நினைவாக இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் எழுந்த இடத்தை, நாகூரின் பக்கத்து ஊரிலிருந்து வந்தவள் எப்படித் தாண்டிப் போவேன்? கேட்டதும் ஐந்து நிமிடம் நிறுத்தினார்கள்.

பெரிய குறை, யூத மதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லாதது. ஆபிரகாமின் ஒரே கடவுளையும் மோசேயின் கட்டளைகளையும் சொல்லாமல் அந்த ஆலயமும் அந்தப் பள்ளிவாசலும் எப்படிப் புரியும்? பினாங்கில் சொல்ல இடமும் இருக்கிறது. நாகூர் சாலை 28ஆம் எண் வீட்டில் 1929 முதல் 1976 வரை யூதர்களின் தொழுகைக்கூடம் இருந்தது. தொழுகைக்குப் பத்து ஆண்கள் கூட வேண்டும் என்பது அவர்கள் மரபு. குடும்பங்கள் வெளியேறிக் குறைந்துபோனதில் மூடப்பட்டது. மறுநாள் நாங்களாகவே அங்கே போய் அந்தத் தெருவில் நின்றோம். பேரன் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு, "இது நம் நாகூரா?" என்று கேட்டான்.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை வேண்டாம், பள்ளிவாசலுக்குள் நிதானமாக நிற்க முடியாது. கழற்றி மாட்ட எளிதான செருப்பும் தண்ணீரும் அவசியம். தமிழ் வழிகாட்டி வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். பள்ளிவாசலில் விளக்கம் சொல்லும் பெரியவர் இருந்தால் அவரிடம் அரை மணி நேரமாவது பேசுங்கள். வழிகாட்டி அவசரப்படுத்தினாலும் நகராதீர்கள்.